லண்டனிலிருந்து கடலுக்கு ஒரு நாள்: கோச் டூரா, ரயிலா, காரா?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இரண்டு மூன்று வாரம் ஆனதும் எல்லா லண்டன் தமிழ் வீடுகளிலும் இந்தப் பேச்சு வந்துவிடும். டவர் பிரிட்ஜ் ஆயிற்று, பக்கிங்ஹாம் அரண்மனை ஆயிற்று, ஈஸ்ட் ஹாம் கோயில்களும் ஆயிற்று. அடுத்த சனிக்கிழமை எங்கே? "இங்க கடல் எங்க இருக்கு?" என்று அப்பா கேட்பார். உடனே ஒருவர் போனில், வழிகாட்டியோடு பஸ்ஸில் கூட்டிப்போகும் கோச் டூர் விளம்பரத்தைக் காட்டுவார், இன்னொருவர் ரயில் என்பார், கார் வைத்திருப்பவர் பேச்சு வாக்கில் சாவியை எடுத்துவிடுவார்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரைட்டன், மார்கேட் மாதிரி கடலோர ஊருக்கு என்றால் ரயில். வெள்ளைச் சுண்ணாம்பு முகடுகளைப் பார்க்க வேண்டும், ஆனால் வீட்டுப் பெரியவர்களால் அதிகம் நடக்க முடியாது என்றால் கோச். சின்னக் குழந்தைகளோடு நல்ல மணலில் பாய் விரித்து நாள் முழுக்க உட்காரத்தான் ஆசை என்றால் கார். காசு ஒரு காரணம்தான், ஆனால் அதைவிட முக்கியமானது கடல் பக்கத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பது. டூர் விளம்பரங்களில் அதை மட்டும் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது.

கோச் டூரின் கணக்கு

அதிகம் கண்ணில் படுவது செவன் சிஸ்டர்ஸ் என்ற வெள்ளை முகடுகளும் பிரைட்டனும் சேர்ந்த டூர். காலை எட்டு மணி வாக்கில் லண்டன் விக்டோரியா ஸ்டேஷன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, மாலை ஆறரை ஏழுக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பதினோரு மணி நேரம் என்று கேட்டால் நீண்ட நாளாகத்தான் தெரியும். ஆனால் போக இரண்டரை மணி, முகட்டிலிருந்து பிரைட்டனுக்கு முக்கால் மணிக்கு மேல், திரும்பி வர இரண்டு இரண்டரை. இதைக் கழித்தால் ஐந்து மணி நேரம் மிஞ்சும். அதில் முகட்டில் ஒன்று ஒன்றரை, பிரைட்டனில் மூன்று. அந்த மூன்றில்தான் மதியச் சாப்பாடும் முடிய வேண்டும். டூர் கட்டணத்தில் சாப்பாடு பெரும்பாலும் சேராது.

இதோடு லண்டனுக்குள் ஆகும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஹாரோவிலோ இல்ஃபோர்டிலோ இருப்பவர்கள் எட்டு மணிக்கு விக்டோரியாவில் நிற்க வேண்டுமென்றால் ஆறரைக்கே வீட்டைப் பூட்ட வேண்டும். அம்மா நாலரைக்கு எழுந்து புளியோதரை கிளறியிருப்பார், அது தனிக்கதை.

வழிகாட்டி இருக்கிறாரே, விவரம் எல்லாம் சொல்வாரே என்பார்கள். சொல்வார், நன்றாகவே சொல்வார். ஆனால் மைக்கில் வேகமான ஆங்கிலத்தில், எட்டாம் ஹென்றியின் மனைவிமார் பற்றிய நகைச்சுவையோடு. பஸ் முழுக்கச் சிரிக்கும்போது அப்பா உங்கள் முகத்தைப் பார்ப்பார். நீங்கள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அடுத்த நகைச்சுவை வந்திருக்கும். ஆங்கிலத்தில் சரளமான பெற்றோருக்கு இது ஒரு குறையே இல்லை. மற்றவர்களுக்கு அந்தக் கட்டணத்தில் பாதி காற்றோடு போகிறது.

இத்தனை சொல்லியும் கோச் டூரை ஏன் ஒதுக்கிவிடவில்லை? முகடுகளுக்காகத்தான்.

வெள்ளை முகடுகள்

ஈஸ்ட்போர்னுக்கும் சீஃபோர்டுக்கும் நடுவில் கடலோரம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. வெயிலில் பார்த்தால் கண் கூசும் வெள்ளை. பீச்சி ஹெட் என்ற முனை 162 மீட்டர் உயரம், அதன் அடியில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் பொம்மை மாதிரி நிற்கும். மேற்கே செவன் சிஸ்டர்ஸ், அலை அலையாக ஏறி இறங்கும் முகட்டு வரிசை. நம் பக்கத்துக் கடற்கரைகளில் இப்படி ஒரு காட்சி கிடையாது. அதனால்தான் இங்கே போவதற்கு மெனக்கெடலாம் என்கிறேன்.

கோச் பெரும்பாலும் நிறுத்துவது பர்லிங் கேப் என்ற இடத்தில். நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் காபிக்கடை, கழிப்பறை, கார் நிறுத்தம் எல்லாம் முகட்டின் ஓரத்திலேயே இருக்கின்றன. வண்டியிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தால் காட்சி. முழங்கால் வலிக்காரர் காபிக்கடையில் உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்கலாம், முடிந்தவர்கள் இரும்புப் படியில் இறங்கிக் கீழே போகலாம். சில சமயம் பாறை சரிந்து அந்தப் படியை மூடியிருப்பார்கள்.

இதையே பொது வண்டியில் போவதென்றால், பிரைட்டனிலிருந்து ஈஸ்ட்போர்ன் போகும் 12-ஆம் எண் பஸ் எக்ஸீட் என்ற இடத்தில் நிற்கும். மாடி பஸ், முன் சீட் கிடைத்தால் அந்தப் பயணமே ஒரு டூர்தான். இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒற்றைப் பயணத்துக்கு 2025 முதல் 3 பவுண்டுதான் உச்சவரம்பு, அதனால் காசும் பெரிதாகப் போகாது. ஆனால் எக்ஸீட்டில் இறங்கினால் முகடு கண்ணெதிரே இல்லை. ஆற்றோரமாகக் கடல் வரைக்கும் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பாதை சமதளம்தான், ஆனால் திரும்பியும் நடக்க வேண்டுமே. உங்களுக்கும் எனக்கும் அது இனிமையான நடை. எழுபது வயதில், ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு, எதிர்க்காற்றில் நடப்பவருக்கு அப்படி இல்லை. கோடையில் வார இறுதிகளில் 13எக்ஸ் என்ற பஸ் பர்லிங் கேப், பீச்சி ஹெட் வழியாகவே போகும். அது ஓடும் நாளா என்று பார்த்துக்கொண்டால் கோச்சுக்கு ஒரு நல்ல மாற்று.

ஒரு எச்சரிக்கை. முகட்டின் ஓரத்தில் நின்று படம் எடுக்காதீர்கள், அடியில் பாறையை ஒட்டியும் உட்காராதீர்கள். சுண்ணாம்பு மெதுவாகக் கரைவதில்லை, ஒரு நாள் திடீரென்று பாளமாகச் சரியும். 1999 ஜனவரியில் பீச்சி ஹெட்டில் அப்படி ஒரு பெருஞ்சரிவு நடந்தது. அதே வருடம் பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கத்தை, கடலில் விழுந்துவிடும் என்று பயந்து, கட்டடத்தோடு 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். அப்பா பொறியாளராக இருந்தவர் என்றால் இந்த ஒரு கதை போதும், மிச்ச நாள் முழுக்க அதைப் பற்றித்தான் பேசுவார்.

பிரைட்டனுக்கு வழிகாட்டி எதற்கு?

விக்டோரியாவிலிருந்தோ லண்டன் பிரிட்ஜிலிருந்தோ ஏறினால் ஒரு மணி நேரம். 1841-லேயே ரயில் வந்துவிட்ட ஊர், லண்டன்காரர்கள் கடலைப் பார்க்கவென்றே வளர்ந்த ஊர். ஸ்டேஷனிலிருந்து நேரே கீழ்நோக்கி நடந்தால் கால் மணி நேரத்தில் கடல், வழி கேட்கவே வேண்டாம். திரும்பும்போது அதே ரோடு ஏற்றம் என்பதால் அப்போது மட்டும் பெரியவர்களை பஸ்ஸிலோ டாக்ஸியிலோ ஏற்றிவிடுங்கள்.

ரயிலின் முதல் வசதி, அன்றைய வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். ஆஃப்-பீக் டே ரிட்டர்ன் (நெரிசல் நேரம் தவிர்த்துப் போய் அன்றே திரும்பும்) டிக்கெட் ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும் காலையில் ஸ்டேஷனில் வாங்கினாலும் ஒரே விலை. கோச் டூரை முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். இந்த ஊர் வானத்தை நம்பி இரண்டு வாரம் முன்னால் காசு கட்டுவது சூதாட்டம்.

விலையைப் பார்த்தால், கோச் டூர் ஆளுக்குச் சுமார் 60 பவுண்டிலிருந்து மேலே போகும். நாலு பெரியவர்கள் என்றால் 250, 300 பவுண்டு ஆகிவிடும். ரயிலில் மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால் குரூப்சேவ் என்று ஆஃப்-பீக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. இதற்கு அட்டை எதுவும் வேண்டாம், டிக்கெட் எடுக்கும்போது தேர்ந்தெடுத்தால் போதும். கோச்சுக்கு ஆவதில் பாதிகூட ஆகாது. 5 முதல் 15 வயதுக்குள் பேரப்பிள்ளை கூட வருகிறது என்றால் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை இன்னும் லாபம். பெற்றோர் ஆறு மாத விசாவில் வந்து அங்கே இங்கே போகப்போகிறார்கள் என்றால் சீனியர் ரயில்கார்டும் யோசிக்கலாம், பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம், 60 வயது ஆகியிருந்தால் சரி. லண்டனுக்குள் தட்டிப் பயணம் செய்யும் ஆய்ஸ்டர் அட்டை பிரைட்டன் வரைக்கும் செல்லாது, தட்டிவிட்டு ஏறிவிடாதீர்கள். தேம்ஸ்லிங்க் ரயிலுக்கு மட்டுமான மலிவு டிக்கெட்டை வாங்கிவிட்டு வேறு பெயரில் ஓடும் ரயிலில் ஏறினால் அபராதம். ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்டவாள வேலை இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். பாதி வழியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள் என்றால் ரயிலின் பெருமையெல்லாம் அங்கேயே முடிந்துவிடும். அந்த ஒரு நாளில் மட்டும் கோச்தான் ஜெயிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிரைட்டன் ரயிலில் கழிப்பறை உண்டு. கோச்சில் இருந்தாலும் அவசரத்துக்கு மட்டும் என்பார்கள். சர்க்கரைக்காரர்கள் இருக்கும் வீட்டில் பல சமயம் இதுவே முடிவைத் தீர்மானித்துவிடும்.

ஊரைப் பற்றி இப்போது. பிரைட்டன் கடற்கரை மணல் இல்லை, கூழாங்கல். மெரினாவை மனதில் வைத்துக்கொண்டு வரும் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு அடி வைப்பார், மூன்றாவது அடியில் உங்கள் தோளைப் பிடிப்பார். தண்ணீர் ஆகஸ்டிலேயே 17, 18 டிகிரிதான். கால் நனைத்ததும் ஒரு சின்ன அலறல், அப்புறம் சிரிப்பு. கல்லில் உட்கார முடியாதவர்களுக்கு பேலஸ் பியர் இருக்கிறது, 1899-இல் திறந்த கடல் பாலம். பலகைத் தரை, சாய்வு நாற்காலிகள், கீழே பலகை இடுக்கு வழியே கடல் தெரியும். 2024 கோடை முதல் வெளியூர்க்காரர்களிடம் சின்ன நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். பக்கத்திலேயே வோக்ஸ் ரயில், 1883 முதல் கடலோரமாக ஓடும் குட்டி மின்சார ரயில். இயங்கிக்கொண்டிருக்கும் மின்சார ரயில்களில் உலகிலேயே பழையது. குளிர்காலத்தில் ஓடாது.

சாப்பாட்டில் இரண்டு விஷயம். சைவக்காரர்கள் சிப்ஸ்தானே என்று நம்பி வாங்காதீர்கள், சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மற்றபடி பிரைட்டன் சைவ உணவுக்குப் பேர்போன ஊர், பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இரண்டாவது, கடற்புறா. நம் ஊர்க் காக்கையைவிடப் பெரிசு, அதைவிடத் துணிச்சல். பின்னாலிருந்து தாழ்வாக வந்து, கையில் இருக்கும் சிப்ஸைக் கவ்விக்கொண்டு தோளுக்கு மேலாகப் போய்விடும். டப்பாவைத் திறந்து புளியோதரை சாப்பிடுவதென்றால் சுவரை முதுகுக்கு வைத்து உட்காருங்கள்.

கோச் டூர்களில் ராயல் பவிலியனை வெளியிலிருந்து காட்டி, "படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடுவார்கள். எனக்கு இதில்தான் பெரிய வருத்தம். பட்டத்து இளவரசர் ஜார்ஜுக்காக ஜான் நாஷ் என்ற கட்டடக்கலைஞர் 1815-இல் தொடங்கி மாற்றிக் கட்டிய கடலோர மாளிகை அது. வெளியே வட இந்தியக் குவிமாடங்கள், உள்ளே சீனத்து டிராகன்கள். விக்டோரியா அரசிக்குப் பிடிக்கவில்லை, 1850-இல் ஊர்க்காரர்களே வாங்கிக்கொண்டார்கள். முதல் உலகப் போரில், 1914 டிசம்பர் முதல் 1916 ஜனவரி வரை, அது இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனை. பிரான்ஸில் காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து, சரவிளக்குத் தொங்கும் இசைக்கூடத்தில் கட்டில் போட்டுக் கிடத்தினார்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய், சாதி மத வழக்கப்படி சமைக்க ஒன்பது சமையலறை. அரண்மனை நகராட்சிக்குச் சொந்தமாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தும், மன்னர் தன் அரண்மனையையே சிப்பாய்களுக்கு விட்டுக்கொடுத்தார் என்ற சேதிதான் இந்தியா வரை பரவியது, பரப்பவும் பட்டது. காயம் ஆறியவர்களை ஊருக்குள் இஷ்டம்போல் நடமாட விடவில்லை என்பது அதன் மறுபக்கம். உள்ளே இதற்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. தோட்டத்தின் தெற்கு வாசல் இந்தியர்களின் நன்றிக்கொடை, 1921-இல் பாட்டியாலா மகாராஜா திறந்துவைத்தது.

இறந்துபோன இந்து, சீக்கியச் சிப்பாய்களை ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921-இல் எழுப்பிய சத்ரி என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் இன்னும் நிற்கிறது. வண்டி போகாது, புல்வெளியில் நல்ல நடை நடக்க வேண்டும், அதனால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் பவிலியனுக்குள் போவதற்கு ஒன்றரை மணி நேரமாவது கொடுங்கள். இந்தக் கதையை நீங்களே தமிழில் அப்பாவுக்குச் சொல்லுங்கள், மைக் பிடித்த எந்த வழிகாட்டியும் அவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

அப்புறம் வெளிச்சம். ஜூனில் இங்கே சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டும். கோச் டூர்க்காரர்கள் நாலு நாலரைக்கே தலையெண்ணி வண்டியை எடுத்துவிடுவார்கள். கூட்டம் குறைந்து, காற்று அடங்கி, கடல் நிறம் மாறும் அந்த நாலு மணி நேரம் டிக்கெட்டில் இல்லை. ரயிலில் வந்தவர்கள் ஊரில் இருக்கிற மாதிரி பீச்சில் சாயங்காலம் உட்கார்ந்து, மெதுவாக எழுந்து வரலாம். டிசம்பரில் கணக்கு தலைகீழ், நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்போதும் அந்தி நேரத்தில் ஸ்டார்லிங் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கடல் பாலத்தைச் சுற்றிச் சுழலும், அதற்காகவே போகலாம்.

மணல்தான் வேண்டும் என்றால்

மார்கேட். செயின்ட் பாங்க்ராஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே எதிரில் நிஜ மணல். மேற்குப் பார்த்த கடற்கரை என்பதால் கோடையில் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்கும். பிரைட்டன் கல்லைப் பார்த்து முகம் சுளிக்கும் பெற்றோருக்கு இதைத்தான் சொல்வேன்.

ஈஸ்ட் லண்டன்காரர்களுக்கு சவுத்எண்ட் கிட்டே. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அதன் கடல் பாலம்தான் கேளிக்கைக்கான கடல் பாலங்களில் உலகிலேயே நீளமானது, அதன் மேலேயே ஒரு குட்டி ரயில் போகும். ஆனால் அது தேம்ஸ் கழிமுகம். கடல் வற்றும் நேரத்தில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். கடல் ஏறும் நேரம் பார்க்காமல் சவுத்எண்டுக்குக் கிளம்பாதீர்கள்.

கார் என்றால் கேம்பர் சாண்ட்ஸ், வெஸ்ட் விட்டரிங். ரயிலில் நேரே போக முடியாத இடங்கள், அருமையான மணல். வெஸ்ட் விட்டரிங்கில் பார்க்கிங்கை முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். காரின் கஷ்டம் தெரிந்ததுதான்: வெயில் அடிக்கும் சனிக்கிழமை என்றால் லண்டன் முழுக்க அந்த ரோட்டில்தான் நிற்கும், ஓட்டுபவர் கடலைப் பார்ப்பதைவிட முன்னால் நிற்கும் காரின் பிரேக் லைட்டைத்தான் அதிகம் பார்ப்பார். ஆனால் பாய், குடை, குழந்தை வண்டி, பிரியாணிச் சட்டி எல்லாவற்றையும் ரயிலில் தூக்க முடியாதே. பிரைட்டனுக்கு மட்டும் காரில் போகாதீர்கள், பார்க்கிங்கே ஒரு டிக்கெட் விலை ஆகும்.

கேம்பரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. 2016 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அங்கே போன ஐந்து தமிழ் இளைஞர்கள் ஒரே நாளில் கடலில் உயிரிழந்தார்கள். அப்போது அங்கே உயிர்காப்பாளர்கள் இல்லை, அதற்குப் பிறகுதான் கோடைக்காலத்தில் போட்டார்கள். தட்டையான கடற்கரை என்பதால் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. கடல் ஏறும்போது பள்ளமான இடங்களில் முதலில் தண்ணீர் புகுந்து, மணல் திட்டில் நிற்பவருக்கும் கரைக்கும் நடுவே ஓடும். எந்தக் கடற்கரையானாலும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள், கொடி இல்லாத இடத்தில் கணுக்கால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டோவர், கேன்டர்பரி, லீட்ஸ் கோட்டை மூன்றையும் ஒரே நாளில் காட்டும் கோச் டூரும் இருக்கிறது. மூன்றும் தள்ளித் தள்ளி இருப்பதால் அதைச் சொந்தமாகச் செய்வது சிரமம், அந்த வகையில் நியாயமான டூர்தான். ஆனால் அதில் கடல் என்பது படம் எடுக்க ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். கோட்டையும் தேவாலயமும் பிடிக்கும் என்றால் போங்கள், கடலுக்காகப் போகாதீர்கள்.

கோச் டூர்தான் என்று முடிவாகிவிட்டால், காசு கட்டுவதற்கு முன் டூர் நிகழ்ச்சி நிரலில் நாலு விஷயத்தைப் பாருங்கள். முகட்டில் நிற்பது பர்லிங் கேப்பிலா, எக்ஸீட்டிலா. பிரைட்டனில் எத்தனை மணி நேரம் நம் இஷ்டத்துக்கு விடுகிறார்கள். ரத்து செய்ய எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். 24 மணி நேரம் என்றால் நல்லது, முதல் நாள் வானிலையைப் பார்த்து முடிவெடுக்கலாம். கடைசியாக, தாமதமாக வருபவர்களுக்குக் காத்திருப்பார்களா. பெரும்பாலும் மாட்டார்கள். அப்பாவின் போனில் இந்த ஊர் சிம் போட்டு, உங்கள் நம்பரையும் பதிந்து கொடுத்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.